கிள்ளைப் படகில் எடுத்த கடைசி ஃபிரேம்

சண்டை போடாமல் நாங்கள் ஒரு படம்கூடப் பிரிண்ட் போட்டதில்லை. செம்மண்டலம் வீட்டுக் குளியலறை ஜன்னலில் கறுப்புத் துணி அடித்து, சிவப்பு பல்பு மாட்டி, அதைத்தான் டார்க்ரூம் என்றோம். என் கணவர் சிதம்பரத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவோடு கிளம்பிவிடுவார். படம் எடுப்பது அவர், பிரிண்ட் போடுவது நான். எத்தனை நொடி வெளிச்சம் காட்டுவது, கறுப்பு எவ்வளவு ஏறலாம் என்பதெல்லாம் என் தீர்ப்பு. சிவப்பு வெளிச்சத்தில் படம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே கறுத்துத் தெரியும். அதை நம்பி மருந்து ட்ரேயிலிருந்து தாளைச் சீக்கிரம் எடுத்தால், வெளியே வந்ததும் வெளுத்துப் போயிருக்கும். அவருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"போதும், எடுடி" என்பார்.

"வாய மூடிக்கிட்டு நில்லுங்க" என்பேன். நிற்பார், பாவம்.

அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

2006இல் ஒரு காலை, கிள்ளையில் படகில் போனோம். ஃபிலிம் ரோலில் ஒரே ஒரு ஃபிரேம் மிச்சம். இன்றைக்கு உங்களை நான் எடுக்கிறேன் என்று கேமராவைப் பிடுங்கினேன். அவர் படகு முனையில் உட்கார்ந்து சிரித்தார். முதுகுக்குப் பின்னால் சூரியன், சுற்றிலும் பளபளவென்று தண்ணீர்.

"தண்ணி வெளிச்சத்த வச்சு அளந்துட்ட. லென்ஸ இன்னும் ரெண்டு ஸ்டாப் தொற, வெளிச்சம் உள்ள வரட்டும். இல்லாட்டி மொகம் வராது" என்றார்.

"எல்லாம் பிரிண்டுல நான் கொண்டாந்துக்கிறேன். நீங்க சும்மா சிரிங்க!"

"நெகட்டிவ்ல இல்லாதத எங்கேர்ந்துடி கொண்டாருவ?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் அழுத்திவிட்டேன்.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோது நெகட்டிவில் தண்ணீர் இருந்தது, மரங்கள் இருந்தன, தோளில் வெயில் பட்ட விளிம்பு இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. நெகட்டிவில் வெறுமையான இடம் தாளில் கறுப்பாகத்தான் விழும். "எம் படம் என்னாடி ஆச்சு?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், அப்புறம் போடுகிறேன் என்றே மூன்று வருஷம் ஓட்டினேன். தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2009இல் பள்ளிக்கூடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவ்வளவுதான்.

காரியத்துக்குப் படம் வேண்டுமென்று கொழுந்தன் பீரோவைக் குடைந்தான். எல்லாம் அவர் எடுத்த படங்கள், ஒன்றிலும் அவர் இல்லை. கல்யாண ஆல்பத்தில் இருப்பது மீசை அரும்பிய யாரோ ஒரு பையன்.

"என்னா அண்ணி, வூடு முழுக்க போட்டோ, அண்ணன் மொகம் ஒண்ணு இல்லியே?" என்று கேட்டான். கடைசியில் லைசென்ஸ் போட்டோவைப் பெரிசுபண்ணி மாலை போட்டார்கள். முறைத்துக்கொண்டிருக்கும் அந்த ஆள் என் புருஷன் இல்லை.

பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் போன பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பெட்டியில் பதினோரு பிரிண்ட் தாள்கள். நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரில் நொடியைக் குறைத்தேன், முகம் சாம்பல் கறையாக வந்தது. கான்ட்ராஸ்ட்டை ஏற்றினேன், தண்ணீர் சுண்ணாம்பாயிற்று, முகம் கரியாயிற்று. ஆனால் ஒவ்வொரு தடவையும், ட்ரேயில் தாள் கறுப்பதற்குச் சற்று முன்னால், ஓர் இரண்டு நொடி அந்தச் சிரிப்பு தெரிந்தது. நிஜமா, என் கண் செய்த வேலையா, தெரியாது. ஒரு தாளை அந்த நொடியிலேயே வெளியே எடுத்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வெறும் சாம்பல்.

அதற்குப் பிறகு நான் போட்டது பிரிண்டுக்காக இல்லை. அந்த இரண்டு நொடிக்காக ஒவ்வொரு தாளாக ட்ரேயில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசித் தாளில் என்ன தோன்றியதோ, என்லார்ஜர் லென்ஸை இரண்டு ஸ்டாப் திறந்தேன். "தொறந்துட்டேங்க. போதுமா?" என்று சத்தமாகவே கேட்டேன். கேமராவில் அன்றைக்குத் திறந்திருந்தால் முகம் வந்திருக்கும். என்லார்ஜரில் திறந்தால் இன்னும் கறுக்கும். இது எனக்குத் தெரியாதா? தாளை ட்ரேயில் போட்டேன். அந்த இரண்டு நொடிகூட இல்லாமல் முகம் நேராகக் கறுத்துவிட்டது.