புருஷனை வெட்டிச் செய்த பேய்கள்

சந்திரகலா வருஷா வருஷம் தன் புருஷனை முதுகுப்பக்கமாகக் கழுத்திலிருந்து இடுப்புவரை கத்தரிக்கோலால் வெட்டித் திறப்பாள். செப்டம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு முன்னால். சாப்பிட்ட பிறகு வெட்டினால் வயிறு பெரிதாக வந்துவிடும்.

முதலில் ஜெயரட்ணத்தைக் கராஜுக்குள் நிறுத்தி, சமையலறை பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றுவாள். அதன்மேல் பார்சல் ஒட்டும் டேப், மூன்று சுற்று. மனுஷன் கையை விரித்தபடி ரேடியோவில் ஃபுட்டி மேட்ச் கேட்டுக்கொண்டு நிற்பார். பிறகு கத்தரிக்கோல். ஓடு மாதிரி கழன்று வருவதைத் திரும்ப ஒட்டி, கடை விளம்பரத் தாள்களை உள்ளே திணித்தால் ஓர் ஆள் ரெடி. அதனால்தான் மெல்பேர்ன் புறநகர் ட்ருகனினாவில் அவர்கள் வீட்டு வாசலில் வருஷா வருஷம் எழுந்து நிற்கும் பிணம், ரத்தக்காட்டேரி, தூக்கில் தொங்குகிறவன் எல்லாருக்கும் ஒரே தொப்பை.

திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். மெல்பேர்னுக்குப் படிக்க வந்த முதல் புருஷனோடு ஒட்டிக்கொண்டு வந்தாள். அவன் என்ன படித்தானோ தெரியாது, இன்னொருத்தியோடு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டான். சந்திரகலா மெத்தைத் தொழிற்சாலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். தைத்த மெத்தைகளை லொறியில் ஏற்றுகிறவர் ஜெயரட்ணம். யாழ்ப்பாணத்துக்காரர், படகில் வந்தவர். ஒரு நாளைக்கு நாலு வசனம் பேசினால் அது தீபாவளி. சன்ஷைன் முருகன் கோயிலில் கல்யாணம் நடந்தது.

புது வீட்டுத் தெருவில் ஒருத்தரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் ஹாலோவீனுக்குப் பேய் வேஷத்தில் வந்து கதவைத் தட்டிய பிள்ளைகளுக்கு அவள் முறுக்குக் கொடுத்தாள். அவர்கள் அதை எலும்பு என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் வாசலில் ஒரு பிணத்தை நிறுத்தினாள். இப்போது தெருவே அவளை பேய் அன்ரி என்றுதான் கூப்பிடுகிறது. பீட்ரூட் சாறும் கோல்டன் சிரப்பும் கலந்து ரத்தம் காய்ச்சுவாள். பழைய ஸ்டாக்கிங்ஸுக்குள் மெத்தைப் பஞ்சை அடைத்துக் குடல் செய்வாள்.

குடல் விஷயத்தில் மட்டும் ஜெயரட்ணம் வாய் திறப்பார்.

"இப்பிடி வடிவாச் சுருண்டு கிடவாது, கலா. வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாப் போகும்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியும்."

அவள் குடலை ஒரு பக்கமாகத் தள்ளி வைப்பாள். அதற்கு மேல் கேட்க மாட்டாள். அந்த வீட்டில் கேட்காத கேள்விகளுக்கென்று ஒரு அலமாரி இருந்தது. போன வருஷம் அதில் இன்னொன்றையும் வைத்துப் பூட்டினாள்.

கூடுதல் சம்பளம் என்று ஜெயரட்ணம் குளிர்சாதனக் கிடங்கு ஒன்றுக்கு வேலைக்குப் போன சமயம் அது. அங்கே எல்லாரும் கண் மட்டும் தெரிய முகத்தை மூடிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். ஒரு நாள் கூட வேலை செய்தவனை அவர் மரப்பலகையால் முகத்திலேயே அடித்தார். மூன்று பல் ஐஸ் தரையில் விழுந்தது. "கனக்கக் கதைச்சவன்" என்பதுதான் அவர் கொடுத்த விளக்கம், ரொம்பப் பேசினானாம். இனி ஒருதரம் கை நீட்டினால் ஜெயில்தான் என்று மாஜிஸ்திரேட் எச்சரித்து அனுப்பினார். அந்த நாளிலிருந்து வீட்டு வாசலில் பொலிஸ் கார் மெதுவாகப் போனாலும் சந்திரகலா திரைச்சீலையை இழுத்து மூடுவாள்.

இந்த வருஷம் அவள் பெரிய ஆசைப்பட்டாள். பழைய கார் உடைக்கும் இடத்திலிருந்து ஒரு வைப்பர் மோட்டாரை வாங்கி வந்தாள். புது உருவத்தின் கழுத்தில் அதைப் பொருத்தி, ஆள் வந்தால் எரியும் விளக்கின் சென்சரோடு கோத்துவிட்டாள். யாராவது கிட்ட வந்தால் அது அவர்களைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டும். முகம் வரைவதற்குப் பொறுமை போதவில்லை. பாஸ்மதி அரிசிச் சாக்கைப் புரட்டித் தலையில் மாட்டி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டாள். புருஷனுக்கு சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று பெட்ஷீட் போட்டு மூடி வைத்தாள்.

ஹாலோவீன் அன்று சாயங்காலம் வெயில் இன்னும் கூரைமேல் இருந்தது. புல்தரையில் பொய்க் கல்லறை, அதில் குத்தி வைத்த நிஜ மண்வெட்டி, பக்கத்தில் வயிறு கிழிந்த பிணம். நடைபாதை ஓரமாகச் சாக்குத்தலை. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து, அது தலையாட்டும்போது அலறிவிட்டு, திரும்பவும் அலறுவதற்காகச் சுற்றி வந்தார்கள். சந்திரகலா வாசல்படியில் சொக்லேட் வாளியோடு மகாராணி மாதிரி நின்றாள்.

ஜெயரட்ணம் வேலை முடிந்து சாப்பாட்டுப் பையோடு நடந்து வந்தார். சாக்குத்தலைக்கு முன்னால் அவர் கால் பட்டது. விளக்கு எரிந்தது. சாக்கு மெதுவாகக் குனிந்து நிமிர்ந்தது. இன்னொருதரம் குனிந்தது.

பை கீழே விழுந்தது. அவர் மண்வெட்டியைப் பிடுங்கினார்.

முதல் வெட்டு தோளில் இறங்கியது. கை தனியாகப் பறந்து வேலியில் மோதியது. இரண்டாவது வெட்டில் வயிறு பிளந்து, அவள் உள்ளே கட்டி வைத்திருந்த ரத்தப் பைகள் வெடித்து, அவர் முகமெல்லாம் சிவப்பு. குடல் சரிந்தது, வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக. மோட்டார் மட்டும் நிற்கவில்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் சாய்ந்து கிடந்தும் சாக்கு அவரைப் பார்த்து ஆட்டிக்கொண்டே இருந்தது. அவர் வெட்டிக்கொண்டே இருந்தார். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, நாய் இறந்துபோகும்போது போடுகிற மாதிரி.

பிள்ளைகள் கைதட்டினார்கள். பக்கத்து வீட்டு டேரன் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார். இது ஷோ என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஷோ இல்லை என்று தெரிந்தது சந்திரகலா ஒருத்திக்குத்தான். எதிர்வீட்டுச் சிறுமி தேஜஸ்வினி எலும்புக்கூடு உடுப்போடு, உருண்டு வந்த ரப்பர் விரலைப் பொறுக்கக் குனிந்தாள். மண்வெட்டி மறுபடியும் மேலே போனது.

சந்திரகலா வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். வழியில் கிடந்த பிணத்தின் உடம்பைத் தூக்கிக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நடுவில் பாய்ந்தாள். மண்வெட்டி அதன் நெஞ்சில் புதைந்து அப்படியே சிக்கிக்கொண்டது. ஜெயரட்ணத்தின் டேப் நெஞ்சு ஜெயரட்ணத்தின் வெட்டை வாங்கிக்கொண்டது. அவர் இழுத்தார், வரவில்லை.

"ஏங்க. இங்க பாருங்க. என்னைப் பாருங்க."

"ஆர் அது? சாக்குக்குள்ள ஆர்?"

"யாருமில்லீங்க."

"கழட்டு."

அவள் சாக்கைப் பிடுங்கினாள். உள்ளே ஒரு பழைய பாஸ்கட்போல். அது கழன்று உருண்டு அவருடைய சப்பாத்துக் காலில் முட்டி நின்றது. அவர் அதையே பார்த்தார். பிறகு மண்வெட்டியை விட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார்.

அவள் மோட்டார் வயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்தில் குந்தினாள். கை தட்டும் சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னது அவளுக்கு மட்டும் கேட்டது.

"பள்ளிக்கூடக் கிரவுண்டில ஆமிக்காரங்கள் எங்களை லைனில விட்டவங்கள். ஆமி ஜீப்புக்குள்ள ஒருத்தன். சாக்குப் போட்டு, ரெண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினா ஆள் முடிஞ்சுது. என்ர அண்ணாவுக்கு ஆட்டினவன்."

"அப்புறம்?"

"மதிலோட வச்சு, எங்கட கண்ணுக்கு முன்னால வயித்தில சுட்டவங்கள். ஆட்டினது ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது. எங்கட ஊரானாத்தான் இருக்கும்." முகத்திலிருந்த சிரப்பைத் துடைத்தார். "அந்தக் கிடங்கிலயும் ஒருத்தன் முகத்தை மூடிக்கொண்டு நிண்டு, என்னைக் காட்டித் தலையாட்டினான்."

சந்திரகலாவின் அலமாரி ஒரே நேரத்தில் முழுக்கத் திறந்துகொண்டது. மூன்று பல், குடல், எல்லாம்.

"எனக்குத் தெரியாதுங்க. திருப்பூர்ல இதெல்லாம் யாரு சொல்றாங்க."

"நான் சொல்லேல்லத்தானே."

தேஜஸ்வினி ரப்பர் விரலோடு வந்து நின்றாள். "அன்ரி, அங்கிள் திரும்பச் செய்வாரா?"

அப்போதுதான் பொலிஸ் கார் வந்து நின்றது. மண்வெட்டியோடு ஒரு ஆள் வெறி பிடித்து ஆடுகிறான் என்று யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். இளம் பொலிஸ்காரன் ஒருவன் இறங்கி வந்து, தறிபட்டுக் கிடந்த கைகாலையும் பொம்மைப் பிணத்தின் நெஞ்சில் நின்ற மண்வெட்டியையும் முகமெல்லாம் சிவப்பாக உட்கார்ந்திருந்த மனுஷனையும் பார்த்தான். சந்திரகலா ஜெயரட்ணத்தின் சட்டையைப் பின்பக்கமாகக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"தெருவிலேயே இதுதான் பெஸ்ட் ஷோ," என்று டேரன் இங்கிலீஷில் சொன்னார். "நீ அஞ்சு நிமிஷம் லேட், மேட்."

பொலிஸ்காரன் சிரித்தான். ஜெயரட்ணத்தை நேராகப் பார்த்து, நல்லா இருக்கு என்கிற மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினான்.

அவள் கைக்குள் இருந்த சட்டை இறுகியது. அவருடைய முதுகுத் தசை ஒவ்வொன்றாக எழும்புவது அவளுக்குத் தெரிந்தது. வருஷா வருஷம் டேப் சுற்றி அளவெடுத்த முதுகு. அவள் பிடியை விடவில்லை.

ஜெயரட்ணம் பொலிஸ்காரனின் முகத்தையே பார்த்தார். நெற்றி, மூக்கு, தாடையில் ஒரு பரு. எல்லாம் வெளியே தெரிகிற முகம். அவர் கீழே சிந்திக் கிடந்த சொக்லேட்டில் ஒன்றை எடுத்து, சிவப்புக் கையால் நீட்டினார்.

"ஹாப்பி ஹாலோவீன்," என்றார்.

கார் மூலை திரும்பும்வரை அவள் சட்டையை விடவில்லை. பிறகு அவர் சாக்கை மடித்துக் குப்பை வாளிக்குள் போட்டார். பந்தை தேஜஸ்வினியிடம் உருட்டிவிட்டார்.

"திரும்பச் செய்ய ஏலாது, பிள்ளை. ஆள் முடிஞ்சுது."

"அப்ப அடுத்த வருஷம்?"

அவர் சந்திரகலாவைப் பார்த்தார். "அடுத்த வருஷம் அன்ரியை முகத்தோட செய்யச் சொல்லு. நான் வந்து நிக்கிறன்."