எட்டு நாள் தும்மாத வீடு

ஒன்பது வயதில், வெள்ளவத்தையில் ஒரு லேன் முழுவதையும் எட்டு நாள் ஆண்டவள் நான். அப்போது இலங்கையை ஆண்ட வெள்ளைக்காரத் தேசாதிபதிக்குக்கூட அவ்வளவு கீழ்ப்படிவு கிடைத்திருக்காது. என் ராச்சியத்தில் ஒரே சட்டம்தான்: எந்த வீட்டிலும் மிளகாய் வறுக்கக்கூடாது.

காரணம் அப்பாவின் கண். கொட்டாஞ்சேனையில் மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருந்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிச் சத்தம் போடாமல் பார்வையைத் தின்கிற குளோக்கோமா அவருக்கு இரண்டு கண்ணிலும் இருந்தது. அவருடைய தகப்பனாரும் அதே வியாதியால் கண் தெரியாமல்தான் காலமானார். முந்தின வருடம் அப்பாவின் வலது கண்ணில் ஒப்பரேஷன் செய்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு தும்மல் போட்டார். காயம் திறந்து உள்ளே இரத்தம் கொட்டி, அந்தக் கண் அத்தோடு போயிற்று. "மணிக்கூடு பார்க்க ஒரு கண் காணும், ரெண்டெதுக்கு?" என்று பூதக்கண்ணாடியை இடது கண்ணுக்கு மாற்றிக்கொண்டு மறுபடி கடை திறந்த மனிதர் அவர். இப்போது அந்த இடது கண்ணிலும் கத்தி வைத்தாயிற்று.

காயம் நினைத்ததைவிடக் கூடுதலாகக் கசிந்தது. இன்னும் எட்டு நாள் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து மல்லாக்கப் படுத்திருக்க வேண்டும், இருமக்கூடாது, தும்மக்கூடாது, சிரிக்கவும் கூடாது, தாங்கினால் காயம் தானாக மூடும் என்றார் டொக்டர். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் ஓயாமல் இருமினார். அந்த இருமல் தனக்கும் ஒட்டிவிடும் என்று பயந்து, அப்பா டொக்டரைக் கெஞ்சி, படுத்த படுக்கையாகவே வண்டியில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் வேறு வில்லங்கம். எங்கள் லேனில் ஏதாவது ஒரு வீட்டில் கறித்தூளுக்கு மிளகாய் வறுக்காத நாள் கிடையாது. அந்த நெடி மதிலேறி வந்தால் றோட்டில் போகிற பாண்காரனே நின்று தும்முவான். அம்மாவால் அப்பாவின் கட்டிலை விட்டு நகர முடியாது. அண்ணனுக்கு ஊராரிடம் போய்க் கதைக்க வெட்கம். எனக்கு அந்தச் சங்கதி எல்லாம் கிடையாது, வீடு வீடாகப் புறப்பட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் மாமி நெஞ்சில் கைவைத்தார். "அல்லாஹ்வே, அந்த மனுஷன்ட கண்ணுக்கா! நீ போ புள்ள, எங்கட அடுப்புல மொளகாயே ஏறாது." எதிர்வீட்டுச் சிங்கள நோனா "அனே பவ்" என்று பரிதாபப்பட்டு உடனே அடுப்பை அணைத்தார். கடைசி வீட்டு ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா மட்டும் முறைத்தார். "என்ர வீட்டில வறுக்கிறதுக்கு உன்னட்டையோ கேக்கவேணும்?" என்றார். அவருடைய வாசல் படலையிலேயே நின்று ஓவென்று குழறினேன். லேனே எட்டிப் பார்த்தது, மனிதர் வழிக்கு வந்தார்.

பிறகு காலையும் மாலையும் மூக்கை உயர்த்தியபடி ரோந்து. இடையில் என் முன்பல் ஒன்று விழுந்தது. அதைக் கூரையில் எறியக்கூட எனக்கு நேரமில்லை.

எட்டாம் நாள் காலை ரோந்து முடித்துத் திரும்பினால், நெடி எங்கள் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது! அன்றுதான் பெரியம்மா யாழ்ப்பாண ரயிலில் வந்து இறங்கியிருந்தார். எட்டு நாள் கண்விழித்த அம்மா கட்டில் காலில் சாய்ந்து அயர்ந்துவிட்டார். சுகமில்லாத வீட்டுக்குப் புதுத் தூளாவது இடித்து வைப்போம் என்று, பெரியம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த செத்தல் மிளகாயை அடுப்பிலிருந்த இரும்புத் தாச்சியில் வறுக்கக் கொட்டிவிட்டார்.

"ஐயோ பெரியம்மா, அப்பான்ர கண்!" என்று கத்தினேன். என்ன ஏதென்று அவர் கேட்கமுன், சட்டை விளிம்பைச் சுற்றித் தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் இரண்டு வீடும் ரயில் பாதையும்தான். மிளகாயைத் தாச்சியோடு கடலில் வீசினேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

திரும்பி வந்தால் எல்லோரும் அறை வாசலில் நிற்கிறார்கள். பெரியம்மா தலையில் அடித்தபடி முந்தானையால் புகையை விசிறுகிறார். அண்ணன் அப்பாவின் மூக்குக்குக் கீழே விரலால் அழுத்திப் பிடித்திருக்கிறான். அப்பாவின் வாய் திறந்தது. "அ..." என்று ஓர் இழுப்பு. மூச்சுவிட எங்களுக்குப் பயம். இன்னோர் இழுப்பு. பிறகு வாய் மெல்ல மூடிக்கொண்டது. வரவில்லை, தும்மல் வரவே இல்லை! அம்மா அழுதேவிட்டார்.

"என்ன நடந்தது?" என்று அப்பா உதடு அசையாமல் கேட்டார்.

"தாச்சியைக் கடலுக்கை எறிஞ்சுபோட்டன், அப்பா!"

"சிரிக்கப் பண்ணாதை, பிள்ளை. அதுவும் கூடாது."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கண்கட்டை அவிழ்த்தார்கள். டொக்டர் இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்றார். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. என்னைப் பார்த்து, "பல்லு எப்பவடி விழுந்தது?" என்றார். நான் போட்ட கூச்சலில் தாதிமார் ஓடி வந்தார்கள். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய வெற்றி எனக்கு வாய்த்ததில்லை.

பிறகு டொக்டர் அண்ணனையும் என்னையும் கண்ணை மூடச் சொன்னார். மாம்பழம் கனிந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல, இமைக்கு மேல் இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். அண்ணனுக்கு ஒரு தடவை, எனக்கு இரண்டு தடவை. வருடாவருடம் என்னைக் கூட்டிவரச் சொன்னார். அப்பா ஒரு வருடமும் தவறவிடவில்லை. அதனால்தான் என் முப்பதாவது வயதில் எனக்கும் அதே வியாதி தலைகாட்டியபோதே அகப்பட்டது. கத்தியே படாமல், இன்றைக்கும் சொட்டு மருந்தோடு நானே ஊசியில் நூல் கோக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? லேனைக் காத்ததற்கு டொக்டர் தந்த பரிசு என்றே நினைத்தேன். "உனக்கு ஒருக்கா, எனக்கு ரெண்டுதரம்" என்று பஸ் நெடுகிலும் அண்ணனைச் சீண்டிக்கொண்டு வந்தேன். அப்பா மட்டும் கொப்பளித்த என் கையை நோகாமல் பிடித்தபடி, அந்த ஒற்றைக் கண்ணால் வீடு வரும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். என் ஓட்டைப் பல்லைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, நானும் வாயை நன்றாகத் திறந்து காட்டினேன்.