படத்தில் வராத மரக்கறித் தோட்டம்

படம் எடுப்பதற்காக அத்தையின் தோளைப் பிடித்து இரண்டடி இடப்பக்கம் நகர்த்தி நிறுத்திய அந்தக் காலை எனக்கு மறக்கவில்லை. அவர் அப்பாவின் அக்கா. பெரகலவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில், முதுகில் கொழுந்துக் கூடையோடு நின்றிருந்தார். பின்னால், தொழிலாளர்களுக்கான வரிசை வீடான எங்கள் லயத்தின் தகரக் கூரை தெரிந்தது. அதற்குக் கீழே சரிவில் அவருடைய மரக்கறித் தோட்டம். லீக்ஸும் கரட்டும் நட்ட நாலைந்து பாத்திகள். இரண்டும் மறைந்து, பனியும் பச்சையும் மட்டும் மிஞ்சும்வரை அவரை நகர்த்தினேன்.

"கூரைய மறைக்கிறியாக்கும்? நீ பொறந்ததே அதுக்குள்ளதான்டி!" என்றார். கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தப் பாத்திகளில் விளைந்ததைப் பெரகல சந்தியில் விற்றுத்தான் அத்தை என்னைப் பதுளையில் படிக்க வைத்தார். விடுதித் தோழிகள் வீட்டுப் படம் கேட்டால் மலையைக் காட்டுவேன், அருவியைக் காட்டுவேன். லயத்தைக் காட்டியதில்லை. பிறகு பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது, சொந்தமாகக் கமராவும் வந்தது. தோட்டத்தில் உல்லாச விடுதி கட்டப்போகும் கம்பெனி விளம்பரப் படங்களுக்கு என்னை அழைத்தபோது, "லயம் வராம எடுங்க மிஸ்" என்றார் அதன் மேனேஜர். அதை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். அது என் கைக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. அத்தையை நகர்த்தி எடுத்த படத்தோடு, அதற்கு முன் வருஷக்கணக்கில் எடுத்திருந்த தோட்டப் படங்களையும் கம்பெனிக்குக் கொடுத்தேன்.

விடுதிக்குப் பாதை வெட்ட வந்த இயந்திரம் லயத்துக்குக் கீழே இருந்த சரிவை ஒரே பகலில் வழித்துவிட்டது. பாத்திகளை இழந்தவர்கள் மாற்றுக் காணி கேட்டார்கள். அங்கே பயிரே இருக்கவில்லை, வெறும் புல்தான் என்றது கம்பெனி. தொழிலாளரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் காணி அதிகாரி விசாரணை வைத்தார். அன்று குழந்தைகளை வெளியே விளையாட விட்டுவிட்டு, தொட்டில்களுக்குப் பின்னால் இருந்த சுவரில் என் படங்களைப் பெரிதாகக் காட்டினார் மேனேஜர்.

முதல் படம் விழுந்ததுமே அத்தை எழுந்துவிட்டார். "எங்க புள்ள எடுத்தது! எம் மருமவ!"

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் மேனேஜர். "வெளியாள் யாரும் எடுக்கல. உங்க தோட்டத்துப் பிள்ளை வருஷக்கணக்கா எடுத்த படங்க. எதிலயாவது ஒரு லீக்ஸ் இலை இருக்கா?"

அத்தை என் பக்கம் திரும்பினார். "வாயத் தொறந்து சொல்லேன் புள்ள. நீ தண்ணி ஊத்தின பாத்திதானே?"

சொன்னேன். எழுந்து நின்று, நடுங்காமல், நல்ல தமிழில் சொன்னேன். காணி அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "சரி தங்கச்சி. ஒரே ஒரு படம் காட்டுங்க, எழுதிக்கிறேன்."

மூன்று நாள் அவகாசம் தந்தார். கையில் இருந்த அத்தனை படங்களையும் பார்த்தேன். கோயில் திருவிழா, சடங்கு, கொழுந்து நிறுக்கும் இடம், பனி, மறுபடியும் பனி. ஒவ்வொன்றும் தேயிலையின் ஓரத்தோடு கச்சிதமாக முடிந்திருந்தது. ஒன்றில் மட்டும் அத்தையின் முழங்கைக்குப் பின்னால் ஒரு பச்சைக் கீற்று. அதைப் பெரிதாக்கிக் கொண்டுபோனேன். "இது புல்லாவும் இருக்கலாமே," என்றார் அதிகாரி. அவர் சொன்னதில் தப்பில்லை. மாற்றுக் காணி யாருக்கும் கிடைக்கவில்லை.

இப்போது அந்தச் சரிவில் கண்ணாடி அறைகள் நிற்கின்றன. வரவேற்பறைச் சுவரில் என் படம் தொங்குகிறது. மனிதக் கை படாத மலை என்று வருகிறவர்கள் வியக்கிறார்களாம். அத்தை லீக்ஸைக் கடையில் வாங்குகிறார்.

என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறார், தட்டில் சோறு போடுகிறார். போன மாதம் தம்பியின் கல்யாணத்தில் எல்லோரையும் மணவறைக்கு முன்னால் நிறுத்திக் கமராவைத் தூக்கினேன். அத்தை பட்டுச்சேலையில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் அழுத்தப்போகும் நேரம் பார்த்து, யாரையும் இடிக்காமல், இரண்டடி நகர்ந்து வெளியே போய் நின்றார். படம் எங்கே முடியும் என்பது அவருக்கு இப்போது சரியாகத் தெரிகிறது.