கம்பத்தில் மூன்று கோடுகள்

அன்று காலை மைதானத்தில் இருந்தது ஐந்து பேர். மயிலாப்பூரிலிருந்து வந்த மாமா, உறவில்லை, கிளப்புக்கே மாமா, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். என் அண்ணன், ஐம்பத்திரண்டு வயது. இப்போது எங்கள் கிளப்புக்கு சென்டர் ஆடும், எல்லோரும் தம்பி என்று கூப்பிடுகிற பையன், இருபத்து நாலு. சாந்தோம் பக்கம் பள்ளியொன்றில் பி.டி. மாஸ்டராக இருந்து, எங்கள் ஆட்டங்களுக்கெல்லாம் விசில் ஊதிய மாஸ்டர். அப்புறம் நான். நான் ஆடுகிறவன் இல்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவன், தி.நகரில் கைப்பைக்கும் சூட்கேஸுக்கும் ஜிப் மாற்றிக் கொடுக்கிறவன். அண்ணன் ஆடும்போது கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, எப்போது விழுவானோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் என் ஆட்டம்.

கூடைப்பந்தில் சென்டர் என்றால் அணியிலேயே உயரமானவன். வளையத்துக்கு அடியில் நின்று, தவறி வரும் பந்தையெல்லாம் பிடுங்க வேண்டியவன். எங்கள் கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் சென்டராக நின்ற முதல் வருஷம், ஆயுத பூஜையன்று, வெறுங்காலோடு வளையக் கம்பத்தை ஒட்டி நின்று கையைத் தூக்க வேண்டும். குதிக்கக் கூடாது, குதிகால் எழும்பக் கூடாது. நடுவிரல் தொட்ட இடத்தில் அரத்தால் ஒரு கோடு கீறுவார்கள். மாஸ்டர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், அரம் அவர் கொண்டுவருவார், குங்குமம் வேறு யாராவது வைப்பார்கள். நிலைத்து நின்ற சென்டர்கள் மூன்று பேர்தான். கம்பத்தில் கீழே மாமாவின் கோடு. அதற்கு ஒரு விரல் மேலே அண்ணன். அவனுக்கு இரண்டு விரல் மேலே தம்பி.

மூவரில் யார் பெரிய சென்டர் என்பது ஞாயிற்றுக்கிழமை டீயோடு வருகிற சண்டை.

"மண் தரையில ஆடினவன்டா நான். பந்தைத் தட்டினா எந்தப் பக்கம் போகும்னு அதுக்கே தெரியாது. அதுல இடது கையால ஹூக் போட்டிருக்கேன்" என்பார் மாமா.

"உங்க எதுர்ல நின்னவன்லாம் என் தோளு கூட வரமாட்டான் மாமா. நீங்க கையத் தூக்கினா பந்து தானா வந்து குந்திக்கும்" என்பான் அண்ணன்.

"ரெண்டு பேருமே வளையத்துக்குக் கீழ வாடகை குடுக்காம குடியிருந்தவங்க" என்பான் தம்பி. "இப்பலாம் சென்டர்னா வெளிய வந்து மூணு பாயிண்ட் போடணும்ணே."

"வெளிய நிக்கறவன் பேரு சென்டராடா? அவன் பேரு வாட்ச்மேன்" என்பார் மாமா.

எனக்கு விவரம் தெரிந்து மூவரையும் பார்த்திருக்கிறேன். மாமா அவசரப்பட மாட்டார். முதுகாலேயே எதிராளியை நகர்த்திக்கொண்டு போய், திரும்பாமலே பந்தைத் தலைக்கு மேலே வளைத்து விடுவார். தம்பி காற்று மாதிரி, எங்கே நிற்கிறான் என்று கண் தேட வேண்டும். அண்ணனுக்கு அந்த நளினம் கிடையாது. இரண்டு முழங்கையையும் விரித்து எழும்புவான். பந்து அவன் உள்ளங்கைகளுக்கு நடுவே அறைகிற சத்தம் தெருவில் போகிறவர்களையும் திரும்பிப் பார்க்க வைக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் நான் மூச்சு விடுவேன். யார் பெரியவன் என்று என்னைக் கேட்டால் அண்ணன் என்றுதான் சொல்வேன். என்னை யாரும் கேட்டதில்லை.

தை மாசத்திலிருந்து அண்ணனுக்கு முதுகு வலி. விளையாட்டுக் கோட்டாவில் வாங்கிய வங்கி வேலை, நாளெல்லாம் நாற்காலி, அதனால்தான் என்றான். அப்புறம் ஸ்கூட்டர் மேல் பழி போட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் அரித்துக்கொண்டே இருந்தேன். என் பயத்துக்கு எங்கள் வீட்டில் மதிப்பில்லை. மழை வந்தால் சுவர் விழும் என்பேன், போன் அடித்தால் யார் செத்தது என்பேன். நூற்றில் ஒன்றுகூட நடந்ததில்லை.

பழைய கம்பங்களைப் பிடுங்கிவிட்டுப் புதுசு நடப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் அண்ணன் என்னிடம் ஒரு பேரம் பேசினான்.

"ஞாயித்துக்கிழமை என் கோட்ட நான் தொட்டுக் காட்டறேன். தொட்டுட்டன்னா அத்தோட நீ வாயத் தொறக்கக் கூடாது. தொடலன்னா நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு வரேன், போதுமா?"

போதும் என்றேன்.

அந்த ஞாயிறு காலை செருப்பை உதறிவிட்டுக் கம்பத்தை ஒட்டி நின்றான். கையைத் தூக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டான். விரல் மெல்ல ஏறி, சரியாகக் கோட்டின் மேல் போய் நின்றது. மாஸ்டர் கை தட்டினார்.

"முப்பது வருசத்துல ஒரு நூலு கொறையலண்ணே" என்றான் தம்பி.

அண்ணன் என்னைப் பார்த்தான். "இன்னாடா, இப்ப இன்னா சொல்ற?"

பேரத்தின்படி வாயில் விரலை வைத்துக் காட்டினேன். சந்தோஷமாக இருந்தேன். அவ்வளவு லேசாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

"நானும் பாத்துடறேனே" என்று மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவருடைய விரல், அவருடைய கோட்டைத் தாண்டி இரண்டு விரல் மேலே போயிற்று.

அண்ணன்தான் முதலில் சிரித்தான். "இன்னா மாமா, இன்னும் வளந்துகினு கீறீங்க? பென்ஷன் காசுல இன்னா வாங்கித் துன்றீங்க?"

எல்லோரும் சிரித்தோம். மாஸ்டர் மட்டும் தரையைப் பார்த்தார், அப்புறம் அண்ணனை. "இந்தத் தரை மேல இன்னொரு தளம் போட்டமே, ஞாபகம் கீதா? உன் கோடு கீறினப்புறம் போட்டது. தரை நாலு விரல் ஏறிடுச்சு. போர்டையும் வளையத்தையும் கழட்டி மேல ஏத்தி வெல்டு வச்சோம். கம்பத்த யாரும் தொடல."

கணக்குப் போட்டது தம்பி. "அப்ப நான் நாலு விரல் ஓசில ஏறி நின்னுதான் என் கோடு. அதக் கழிச்சா நீங்கதாண்ணே ஒசரம். மூணு பேர்லயும் நீங்கதான்." விளையாட்டாகக் குனிந்து அண்ணன் காலைத் தொட்டான். அண்ணன் அவன் தலையில் தட்டிவிட்டுச் சிரித்தான்.

மாமா சிரிக்கவில்லை. அவர் அண்ணனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கணக்கு வராது. ஆனால் இது வந்தது. தரை நாலு விரல் ஏறியிருந்தால், அவன் விரல் கோட்டுக்கு நாலு விரல் மேலே போயிருக்க வேண்டும். எழுபது வயசுக்காரருக்கே இரண்டு விரல் போயிற்று. இவன் கோட்டோடு நின்றுவிட்டான்.

என் முகத்தை அண்ணன் பார்த்தான். சிரிப்பு மெதுவாக நின்றது. யாரும் சொல்லாமலே திரும்பக் கம்பத்திடம் போய்க் கையைத் தூக்கினான். அதே கோடு. கையை உடனே இறக்காமல் அங்கேயே வைத்திருந்தான். அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எந்த ஆஸ்பத்திரிடா?" என்றான்.

அடையாறில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். முதுகெலும்புகள் இரண்டு மூன்று, மேலே யாரோ உட்கார்ந்தது போல நசுங்கியிருந்தன. எலும்புக்குள் மஜ்ஜையில் புற்று என்றார். ரொம்பப் பரவியிருக்கிறது என்றார். என்னுடைய பயம் ஒன்று முதன்முதலாகப் பலித்தது.

வார்டில் அண்ணனின் கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நர்ஸம்மா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்கள். மாமா ஞாயிறு தவறாமல் வந்தார். ஒருநாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நீதான்டா பெரிய சென்டர். நான் ஒத்துண்டாச்சு" என்றார்.

அண்ணனின் முகம் வாடிவிட்டது. "ஒத்துக்காதீங்க மாமா" என்றான். "சண்ட போடுங்க."

மாமா சண்டை போட்டார். மண் தரை, இடது கை என்று பழைய பாட்டையெல்லாம் பாடினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பதில் சொல்ல மூச்சு போதவில்லை. புரட்டாசி பிறந்த வாரம் போய்விட்டான்.

ஊசி மருந்துக்கு வங்கி கொடுத்தது பாதிக்கும் போதவில்லை. மாமா தன் டெபாசிட்டை உடைத்து இரண்டு லட்சம் கொடுத்திருந்தார். "உன்கிட்ட திருப்பிக் குடுன்னு நான் கேட்டேனா?" என்றார். கொடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று அவருக்கும் தெரியும். மாதம் பிறந்ததும் கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் போகிறேன். வாங்கி, எண்ணாமல் பீரோவில் வைப்பார். காபி வரும். அப்புறம் ஆரம்பிப்பார்: "உங்கண்ணா நன்னாத்தான் ஆடுவன். ஆனா இடது கை சுத்தமா கிடையாதே." கிடையாதுதான். நான் விடமாட்டேன். அவன் முழங்கையை விரித்து எழும்பினால் உங்கள் இடது கை என்ன செய்யும் என்பேன். அவர் எதிர்த்துப் பேசப் பேச, அண்ணன் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். தெருவுக்கு வந்ததும் அது போய்விடும்.

போன மாதத்தோடு, இன்னும் அறுபத்து மூவாயிரம் ரூபாய் பாக்கி. தீர்ந்துவிடுமோ என்பதுதான் இப்போது என் பயம்.