ஹனோவரிலிருந்து வந்த பாய்லர் பலகை

ஜெர்மனியில், ஹம் நகரில், எங்கள் வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு என்னைவிட வயது அதிகம். ஒரு கிழமையாக அது எரியவில்லை. அக்காவின் பச்சைக்குழந்தை வீட்டுக்குள்ளேயே தொப்பியோடு கிடந்தது.

"பழுதானது இந்த மின்சுற்றுப் பலகைதான்; இது இப்போது தயாரிப்பில் இல்லை. எங்காவது கிடைத்தால் பூட்டித் தருகிறேன்" என்றார் திருத்த வந்தவர்.

புது பாய்லர் கோடையில்தான் என்றார் வீட்டுக்காரர். அதுவரை போர்வை போதுமாம். வாடகையை மட்டும் கோடைவரை தள்ளிப்போட முடியாது.

நேற்று கோபத்தில் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் பாய்லரின் படத்தைப் போட்டேன். ஹனோவரிலிருந்து முன்பின் தெரியாத ஓர் அக்கா அழைத்தார்.

"தங்கச்சி, எங்கட பழசும் இதுதான். கழட்டிக் கீழ் அறைக்குள்ள போட்டிருக்கு. என்ர அண்ணை நாளைக்கு உங்கட பக்கம்தான் வாறார், குடுத்துவிடுறன்."

இன்று மதியம் ஸ்டேஷனில் அந்த அண்ணை, துவாயில் சுற்றிய பலகையைத் தந்தார்.

"கவனமாப் பிடியுங்கோ பிள்ளை. பையில மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில இருந்து வந்தது, தும்மினாலும் தும்மும்."

காசு வாங்காமல் அடுத்த ரயிலில் ஏறிவிட்டார். பெயர்கூடக் கேட்கத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாலையில் திருத்துபவர் பலகையைப் பூட்டியதும் பாய்லருக்குள் நீலச் சுடர் எழுந்தது. குழந்தையின் தொப்பியை அக்கா கழற்றினாள்.

இப்போது வீட்டுக்காரரின் செய்தி வந்திருக்கிறது: "என் வீட்டிலும் அதே பாய்லர், இன்று நின்றுவிட்டது. உங்களுக்குப் பலகை கிடைத்ததாகத் திருத்துபவர் சொன்னார். எங்கே கிடைத்தது?"

குழுவில் கேட்கட்டுமா, போர்வை அனுப்பட்டுமா? சொல்லுங்கள்.