மூன்று தோட்டாக்களும் என் வலது தோளும்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, பல்கலைக்கழகத்துக்கும் போனவள் நான் ஒருத்திதான். அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. படித்தது உலோகவியல். வேலை கிடைத்ததோ மத்திய லண்டனில், வேட்டைத் துப்பாக்கி செய்து விற்கும் ஒரு பழைய கடையில்.

மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடியப் போகும் நேரத்தில் மேலாளர் ஒரு சோதனை வைத்தார். ஆபிரிக்காவுக்கு முதன்முறை காட்டெருமை வேட்டைக்குப் போகிறவர்களுக்காக, 375, 416, 470 என்ற மூன்று பெரிய தோட்டாக்களை ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும். பக்கம் அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். புத்தகத்தைப் பார்த்து எழுதக் கூடாது, சுட்டுப் பார்த்து எழுத வேண்டும் என்றார்.

எண்களை எழுதுவது சுலபம். தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் சன்னம் 375-இல் ஏறக்குறைய பத்தொன்பது கிராம், 416-இல் இருபத்தாறு, 470-இல் முப்பத்திரண்டு. 375 வேகமாகப் போகும்; சுடுபவரின் தோளை உதைப்பதும் அதில்தான் குறைவு. 470 மெதுவாகப் போனாலும் பாரத்தால் இடிக்கும். சரியான இடத்தில் பட்டால் மூன்றுமே எருமையை விழுத்தும்.

சரியான இடத்தில் படுவதுதான் கேள்வி. நகருக்கு வெளியே இருந்த சுடுதிடலில், நாளைக்கு ஒன்றாக, ஒவ்வொன்றிலும் ஐந்து தடவை சுட்டேன். 375 போட்ட ஐந்து ஓட்டைகளையும் தேநீர்க் கோப்பையின் அடித்தட்டால் மூடிவிடலாம். 416-க்குச் சோற்றுத் தட்டு தேவைப்பட்டது. 470-இல் முதல் இரண்டும் நடுவில் விழுந்தன. மூன்றாவதற்கு, உதைக்குப் பயந்து, விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடிவிட்டேன். அதுவும் பிறகு சுட்ட இரண்டும் காகிதத்தில் படவேயில்லை.

அடுத்த நாள் காலை, லண்டனின் கிழக்கே இல்ஃபோர்டில் இருக்கும் எங்கள் வீட்டில் தலை பின்னக் கையைத் தூக்கினேன். கை எழும்பவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். சட்டையின் கழுத்தை விலக்கிய அம்மா, கத்தரிக்காய் நிறத்தில் கிடந்த தோளைக் கண்டு சீப்பைப் போட்டுவிட்டார்.

"ஆரடி உனக்கு அடிச்சது?"

"ஒருத்தரும் அடிக்கேல்லை அம்மா. சுடேக்கை துவக்கு உதைச்சது."

"இதுக்கோ உன்னைப் படிப்பிச்சது?"

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அண்ணை வாசலில் நின்று சிரித்தார். "எருமை சுடப் போனவளை எருமை உதைச்ச மாதிரியெல்லோ கிடக்கு!"

ரயிலில் இருந்துகொண்டு பக்கத்தை எழுதினேன். கண்ணை மூடியதை எழுதுவதா, விடுவதா? 470 சுடும் இரட்டைக்குழல் ரைபிள்தான் எங்கள் கடையின் பெருமை. அதன் முன் பயந்தேன் என்றால், பெண்ணுக்கு இந்த வேலை சரிவராது என்பார்களோ? ஸ்ட்ராட்ஃபோர்ட் நிலையத்தில் அந்த வரியை அழித்தேன். லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையம் வந்ததும் திரும்ப எழுதினேன். எருமைக்கு முன்னால் கண்ணை மூடப் போகிறவனுக்கு இதை யார் சொல்வது? அடுத்த நாள் தலை பின்ன முடியாமல் போனதையும் கூடவே சேர்த்தேன்.

மேலாளர் பக்கத்தை நின்றபடியே வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, கதவளவு உயரமான ஒருவர் வந்து, முதல் எருமை வேட்டைக்கு 470 வேண்டும் என்றார். மேலாளர் என் பக்கத்தை அவரிடம் நீட்டினார்.

அவர் இரண்டு தரம் வாசித்தார். கண் மூடிய வரியில் விரலை வைத்துக்கொண்டே, முதலில் 375-ஐப் பார்க்கலாமா என்று என்னைத்தான் கேட்டார், மேலாளரை அல்ல. அவர் போன பிறகு மேலாளர் சொன்னது ஒன்றுதான்: தலை பின்னும் வரியை எடுத்துவிடாதே. வேலை நிரந்தரம் என்ற கடிதம் அன்று பின்னேரமே கைக்கு வந்தது.

வீட்டில் சொன்னேன். அம்மா கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும், மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அப்ப இனி உனக்கு ஒவ்வொரு நாளும் நான்தான் தலை பின்னவேணுமோ?"

"இல்லையம்மா. 375 எண்டால் நானே பின்னுவன்."