பெயர் எழுதாத டப்பா

கஞ்சாச் செடி வளர்க்கச் சட்டமே இடம் கொடுக்கும் மொந்தேவிதேயோ நகரத்தில், அதை மொட்டை மாடியில் வளர்ப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் லா தேஹா பேட்டையில் அதைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் நிபியா லரோசா வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவள் வளர்ப்பது அரசாங்கத்தில் பதிவு செய்த ஆறே செடிகள். ஏழாவதாக ஒன்று முளைத்தால் தாட்சண்யம் பார்க்காமல் பிடுங்கி எறிந்துவிடுவாள்.

"கொஞ்சமா எடு, எடுத்துட்டுக் காத்திரு. ஒண்ணும் ஆகலையேன்னு இன்னொரு வாய் போட்டே, தொலைஞ்சே. சாராயத்தோட சேர்க்காதே. வண்டியைத் தொடாதே. பிள்ளைங்க கைக்கு எட்டுற இடத்துல வச்சேன்னு தெரிஞ்சுது, நானே வந்து உன் செடியைப் பிடுங்குவேன்."

இப்படி அவளிடம் பாட்டு வாங்காதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. கடைசியாக ஒன்று சொல்லுவாள்: "டப்பா மேல என்னன்னு எழுதி ஒட்டு. பூட்டி வை."

ஊருக்குத்தான் உபதேசம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை அங்கிகளை மிதி தையல் மிஷினில் தைத்துத் தைத்து அவள் முழங்கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. டாக்டருக்குத் தெரிந்தே, கஞ்சாப் பூவை மாட்டுக் கொழுப்பில் காய்ச்சி வடிகட்டி வைத்திருப்பாள். இரவில் நகக்கண் அளவு போட்டுக்கொண்டால் வலி அடங்கித் தூக்கம் வரும். அந்தக் கொழுப்பு ஃப்ரிட்ஜில் இருந்தது, பால் இனிப்பு தீர்ந்துபோன ஒரு பழைய டப்பாவில். அதன்மேல் ஒரு எழுத்துகூட இல்லை. புருஷன் போன பிறகு அவள் தனிக்கட்டை. எந்த மகராசன் வந்து திறக்கப் போகிறான் என்று நினைத்துவிட்டாள்.

வந்தவர் வில்மார் தெச்செரா, பஸ் டிரைவர், மனைவியை இழந்தவர். நிபியா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காரும்வரை வண்டியை நகர்த்தமாட்டார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால், "அவசரமா இருந்தா பறந்து போங்க" என்பார். அவர் காதல் சொன்ன விதம் அவ்வளவுதான். அது அவளுக்குப் போதுமானதாகவும் இருந்தது. கஞ்சா என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. "எங்க எச்சிலைச் சோதிப்பாங்க, அதுல துளி தெரிஞ்சாலும் லைசென்ஸ் போச்சு. உங்க தோட்டத்துக்கு ஒரு கும்பிடு" என்று தள்ளியே நிற்பார்.

இலையுதிர் காலத்து ஞாயிறு ஒன்றில் மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் மாவு பிசைந்து, நடுவில் ஓட்டை போட்டு, தோர்த்தா பொரிக்காத வீடு இந்த ஊரில் கிடையாது. மாலை ஷிஃப்டுக்கு முன்னால் ஒரு கை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வில்மார் மாவுப் பொட்டலத்தோடு வந்து நின்றார். அவள் வீட்டுக்குள் அவர் காலடி வைத்தது அன்றுதான்.

"நீங்க உட்காருங்க. இன்னிக்கு என் கைவேலை" என்றார்.

நிபியாவுக்கு மனம் நிறைந்து போயிற்று. மழையில் நனைந்தால் பூ அழுகிவிடுமே என்று தொட்டிகளைத் தகரத்துக்கு அடியில் இழுத்துவிட மாடிக்குப் போனாள். இறங்கி வந்தபோது வீடெல்லாம் பொரித்த வாசனை. வில்மார் இரண்டு தோர்த்தாவை முடித்துவிட்டு மாத்தே என்கிற கசப்புத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். நாக்கில் பச்சிலைக் கசப்பு ஏறியது. மேஜைமேல் அந்த டப்பா திறந்து கிடந்தது.

"மாவுல என்ன போட்டீங்க?"

"ஃப்ரிட்ஜுல இருந்த கொழுப்பைத்தான். ஏதோ தழை போட்டுக் காய்ச்சியிருக்கீங்க போல, தனி ருசி."

வாயில் இருந்ததைத் துப்பினாள். பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மனுஷன் நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். சொன்னால் இந்த ஆள் இந்த வாசலை இனி மிதிக்கமாட்டார். சொல்லாவிட்டால் ஒரு பஸ் நிறைய ஜனங்களோடு மழையில் போவார். நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"வில்மார், அது கஞ்சாக் கொழுப்பு. இன்னிக்கு நீங்க வண்டி எடுக்கக் கூடாது."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "விளையாடாதீங்க. எனக்கு ஒண்ணுமே செய்யலையே."

"இப்ப செய்யாது. புகை மாதிரி இல்ல இது, சாப்பிட்டா மெதுவாத்தான் ஏறும். நீங்க பாதி வழியில இருக்கும்போது ஏறும்."

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறீங்களே, டப்பாவுல எழுத மாட்டீங்களா?"

"தப்பு என்னோடது" என்றாள்.

வில்மார் பஸ் பணிமனைக்குப் போன் போட்டு, தெரியாமல் தின்றதை உள்ளது உள்ளபடி சொன்னார். அந்தப் பக்கம் ஒருவன் சிரிப்பது நிபியாவுக்கே கேட்டது. அவர் சிரிக்கவில்லை.

இருட்டுவதற்குள் போதை ஏறிவிட்டது. "நெஞ்சு அடிச்சுக்குது. செத்துப் போயிடுவேனா?" என்று சோபாவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"மூச்சு முட்டுதா? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"அப்படி ஏதாவது தோணினா உடனே சொல்லுங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன். இல்லேன்னா, ஏறின மாதிரியே இறங்கிடும். தண்ணி குடிங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்."

விளக்கைத் தணித்து, போர்வை போர்த்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நடுவில் அவர் கூரையிலிருந்து மழை சொட்டும் சத்தத்தைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தூங்கிப்போனார். மறுநாள் காலை, "இன்னிக்கும் ஸ்டீயரிங்கைத் தொடாதீங்க" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதன்பின் ஒரு தகவலும் இல்லை. அவர் மறுபடி வண்டி ஓட்டுவதை நிபியா தூரத்திலிருந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். பூட்டுள்ள தகரப்பெட்டி ஒன்று வாங்கி டப்பாவை அதற்குள் வைத்தாள். யோசனை கேட்டு வந்தவர்களிடம், "முதல்ல நான் செஞ்ச கூத்தைக் கேளு" என்று தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அந்த வெறுமை அவளைத் தின்றது.

அடுத்த மழை வந்த அன்று கதவு தட்டப்பட்டது. வில்மார் நின்றார். ஒரு கையில் மாவு, மறு கையில் கடையில் வாங்கிய கொழுப்பு.

"உங்க ஃப்ரிட்ஜை இனி நம்பறதா இல்ல" என்றார். "அந்த டப்பா எங்கே?"

அவள் பெட்டியைத் திறந்து நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து பஸ்ஸில் அறிவிப்பு ஒட்டுகிற பட்டை ஒன்றை எடுத்தார். அதில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். டப்பாமேல் வைத்து விரலால் தேய்த்து ஒட்டினார்.

"கஞ்சா. வில்மார் தொடக் கூடாது."

நிபியா அதை இரண்டு தரம் படித்தாள். எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் இருந்த பொருள் எதிலும் இன்னொருவர் பெயர் இருந்ததில்லை. அவள் டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, மாத்தேக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.